அறுபது படிகள்

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் அமைந்திருக்கிறது சுவாமிமலை. இயற்கையில் அங்கே மலை கிடையாது. கல்லால் எழுப்பப்பட்ட கட்டுமலை அது. ஆறுபடை வீடுகளில் நான்காவதாகப் போற்றப்படும் அத்தலத்தில் சுவாமிநாதனைத் தரிசிக்க 60 படிகள் ஏற வேண்டும். பிரபவ முதல் அட்சய வரையிலான 60 தமிழ் ஆண்டுகளின் தேவதைகளே அங்குப் படிகளாக அமைந்து, வருவோரைத் தாங்கி மேலே அனுப்புகின்றனர் என்பது ஐதிகம்.

2023-ஆம் ஆண்டுத் தைக் கிருத்திகையன்று அந்தப் படிகளின் அடியில், கீழ்த்தளத்திலுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதிக்கு அருகில், 75 வயது அம்மையார் ஒருவர் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மடியில் மருமகளின் கைப்பை. பக்கத்தில் பேரனின் தண்ணீர்ப் புட்டி. கையில் வீட்டுச் சாவி போட்ட சுருக்குப்பை. மகனும் மருமகளும் பேரனும் மேலே சென்றிருந்தனர்.

1967-இல், பிலவங்க ஆண்டில், கும்பகோணத்துக்கு மருமகளாக வந்த நாள்தொட்டு, முடிந்த மாதக் கிருத்திகைகளில் எல்லாம் அவர் ஏறிய படிகள் அவை. வயிற்றில் பிள்ளையோடு ஏறியிருக்கிறார். இடுப்பில் பிள்ளையோடு ஏறியிருக்கிறார். கணவர் மறைந்த பிறகு தனியாகவும் ஏறியிருக்கிறார். பைகளுக்குக் காவலாகக் கீழே அமர்ந்தது அன்றுதான் முதல் முறை.

"உங்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டு வந்தேன், அம்மா" என்று சொல்லி, மகன் அவர் நெற்றியில் திருநீறு இட்டார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. எழ முயன்றார், முடியவில்லை. மகன் ஒரு கையையும் மருமகள் ஒரு கையையும் பற்றித் தூக்கினார்கள். அன்றிரவு பூஜை அறை வாசலில் அமர்ந்து அவர் கேட்டது ஒன்றே: "முருகா, இனி என்னை எதற்காக வைத்திருக்கிறாய்?"

முதியோர் பலருக்கு இறப்பைக் குறித்த அச்சம் பெரிதாக இருப்பதில்லை. படுக்கையைக் குறித்த அச்சமே பெரிது. குளிப்பதற்கும் கழிப்பறை செல்வதற்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நாள் வந்துவிடக் கூடாது என்பதுதான் கோயில்களில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் வைக்கப்படும் வேண்டுதல்களில் முதன்மையானது. துன்பமில்லாத மரணத்தையும் பிறரிடம் கையேந்தாத வாழ்வையும் ஒருசேரக் கேட்கும் பிரார்த்தனை நெடுங்காலமாக இந்த மண்ணில் வழங்கி வருகிறது. அதில் இரண்டாவது வரம் கிடைப்பதில் மனிதர்க்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எது என்பதை அந்த அம்மையார் அடுத்த ஏழு மாதங்களில் அறிந்துகொண்டார்.

எல்லாம் 2022 ஐப்பசியில் தொடங்கியது. அடைமழையில் நனைந்து பாசி படர்ந்திருந்த வாசற்படியில், விடியற்காலையில் கோலமிடச் சென்றவர் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், ஆறு வாரம் அந்தக் கையால் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றார். நடக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சென்னையிலிருந்து ஓடிவந்த மகனும் மருமகளும் அச்சத்தில் அதையும் சேர்த்துக்கொண்டனர்.

காப்பி கட்டிலுக்கு வந்தது. சாப்பாடும் கட்டிலுக்கு வந்தது. வீட்டு வேலைக்கு ஒரு பெண் அமர்த்தப்பட்டார். துணி மடிக்க எழுந்தால், "நீங்கள் உட்காருங்கள், அத்தை" என்பார் மருமகள். பூப்பறிக்கக் கொல்லைப்புறம் சென்றால், "விழுந்துவிடப் போகிறீர்கள், பாட்டி" என்று பேரன் கையைப் பிடித்து அழைத்து வருவான். அத்தனையும் அன்பு. அதில் ஒரு துளியும் பொய் இல்லை. கட்டு அவிழ்த்த பிறகும் அந்த ஏற்பாடுகள் அவிழவில்லை. ஆறு வாரம் மூன்று மாதமாயிற்று. எலும்பு கூடிவிட்டது, கால்கள் கைவிட்டுவிட்டன.

தசையின் இயல்பு அத்தகையது. முப்பது வயதைக் கடந்த பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் உடலின் தசையில் ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் அந்த வேகம் கூடுகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தசையின் அளவைக் காட்டிலும் அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. இதற்கு 1989-இல் இர்வின் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். தசை, வறுமை என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தசை வறுமை என்றே தமிழில் சொல்லலாம். பொருள் வறுமையைப் போலவே இதுவும் ஓசையின்றி நுழைந்து, ஒரு நெருக்கடி நாளில்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

படுக்கை அந்த வறுமையை விரைவுபடுத்துகிறது. நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்து ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்ததை 2007-இல் பதிவு செய்தனர். பத்து நாளுக்கே அப்படி என்றால், மூன்று மாதக் கட்டில் வாழ்வு என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தைக் கிருத்திகைக்குப் பின் மகன் ஒரு முடிவோடு வந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துச் செல்வது என்பதே அது. நான்காம் மாடியில் ஓர் அறை, தொலைக்காட்சி, பகலில் துணைக்கு ஆள். குறை சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் 56 ஆண்டுகள் வாழ்ந்த வீடு, துளசி மாடம், தெருமுனைப் பிள்ளையார், பெயர் சொல்லி விசாரிக்கும் பூக்காரி. இவற்றை விட்டுப் பிரிவதைவிட, தன்னால் முடியவில்லை என்னும் காரணத்துக்காகப் பிரிய நேர்வதுதான் அம்மையாரை வருத்தியது. "பங்குனி வரை பொறு" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த இடைவெளியில்தான் அந்தப் பெண் வந்தாள். தமிழக அரசு 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் சென்று இயன்முறை மருத்துவம் அளிப்பதும் ஒரு பகுதி. அதன்படி வந்தவளுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பதிவேடு. அம்மையாரைச் சாய்வு நாற்காலியிலிருந்து சமையலறை நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்தாள்.

"கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள், பாட்டி. கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை என்று பார்ப்போம்."

அம்மையார் முயன்றார். முன்னால் சாய்ந்தார், முகம் சிவந்தது, இருக்கையை விட்டு உடல் எழும்பவில்லை. 75 முதல் 79 வயதுள்ள பெண்கள் இந்தச் சோதனையில் பத்து முறைக்குக் குறைவாக எழுந்தாலே விழும் அபாயம் அதிகம் என்று கருதுவர். அன்று பதிவேட்டில் எழுதப்பட்ட எண் சுழியம்.

அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு, "உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆசை, பாட்டி?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் வந்தவர்கள் எல்லோரும் வலி எங்கே, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டிருந்தார்கள். ஆசை என்ன என்று யாரும் கேட்டதில்லை. அம்மையாருக்குக் கண் கலங்கியது. "சுவாமிமலையில் அறுபது படி" என்றார்.

"அப்படியானால் அறுபதையும் இந்த நாற்காலியில் தொடங்குவோம்" என்றாள் அவள்.

பேத்தி வயதில் ஒருத்தி எழு என்றால் எழவும், உட்கார் என்றால் உட்காரவும் அம்மையாருக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வணங்கும் தெய்வத்தின் கதையே அதற்கு விடை சொல்லியது. பிரணவத்தின் பொருளை மகனிடம் கேட்டறியச் சிவபெருமானே சீடராய் அமைந்த தலமல்லவா சுவாமிமலை? தந்தைக்கே குருவானதால்தான் அங்கு முருகனுக்குச் சுவாமிநாதன் என்று பெயர். கேட்பவர் பெரியவர் என்பதோ சொல்பவர் சிறியவர் என்பதோ அந்தச் சந்நிதியில் ஒரு தடையாக இருந்ததில்லை. அம்மையார் மறுநாள் காலை குளித்து, விளக்கேற்றி, அந்தச் சிறு குருவின் வரவுக்குக் காத்திருந்தார்.

பயிற்சிகளில் புதுமை எதுவும் இல்லை. நாற்காலியில் இரண்டு தலையணைகளை வைத்து உயரமாக்கி, அதிலிருந்து ஐந்து முறை எழுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது. ஜன்னல் கம்பியைப் பற்றியபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது. ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவது. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள். இடைப்பட்ட நாட்களில் கூடத்திலும் வாசலிலும் நடை மட்டும். ஓய்வு நாளில்தான் தசை தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது என்பதால் அந்த இடைவெளியும் பயிற்சியின் ஒரு பகுதியே.

எழும்போது மூச்சை அடக்கக் கூடாது என்று அவள் பலமுறை சொன்னாள். மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானே வெளியேறும் என்பதால், "ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள்" என்றாள். அம்மையார் எண்ணவில்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் ஓர் ஆண்டின் பெயரைச் சொன்னார். சிறுமியாக இருந்தபோது தந்தையார் மனப்பாடம் செய்வித்த வரிசை அது. பிரபவ, விபவ, சுக்ல, பிரமோதூத, பிரசோற்பத்தி. முதல் வாரம் ஐந்தோடு நின்றது. மூன்றாம் வாரம் தாது வரை வந்தது. தலையணை இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. பிறகு அதுவும் இல்லாமலாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் இருந்தது. எளிதானவுடன் அவள் அதைக் கடினமாக்கினாள். எளிதாகச் செய்ய முடிவதையே நாள்தோறும் செய்தால் தசைக்கு வளர வேண்டிய தேவை எழுவதில்லை. கடைசி இரண்டு முறை சற்றே திணற வேண்டும். ஆனால் மூட்டில் குத்தல் வரக் கூடாது. தசையில் தோன்றும் களைப்பு நல்லது; மூட்டில் தோன்றும் வலியும் நெஞ்சில் தோன்றும் இறுக்கமும் நிறுத்தச் சொல்லும் அடையாளங்கள். இதய நோயும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கக் கூடாது என்பதை அவள் மகனிடமும் எடுத்துரைத்தாள். அம்மையாருக்கும் அந்தச் சோதனைகள் முடிந்த பிறகுதான் பயிற்சி தொடங்கியிருந்தது.

"இந்த வயதில் தசை வளருமா?" என்று மகன் ஐயத்தோடு கேட்டார். அதற்கு மருத்துவ உலகம் எப்போதோ விடை கண்டுவிட்டது. 1990-இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்தார் மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டனர். தொண்ணூறிலும் தசை, வேலை கொடுத்தால் விடை தருகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் 150 நிமிடமேனும் நடை போன்ற இயக்கத்தோடு, இரண்டு நாளேனும் வலிமைப் பயிற்சியும், மூன்று நாளேனும் உடல் நிலைப்பாட்டுக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. நடை நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது என்பதே அதன் சாரம்.

உணவிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. கணவர் மறைந்த பின் அம்மையார் பகலில் ஒருவேளைச் சாப்பாடும் இரவில் இரண்டு இட்டிலியோ, ஒரு வாழைப்பழமும் பாலுமோ என்று பழகியிருந்தார். மாதக் கிருத்திகையும் சஷ்டியும் முழு உபவாசம். மனத்துக்கு அது நிறைவு தந்தது. தசைக்குச் சோறு போடவில்லை. முதியோர்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இத்துறை வல்லுநர் கருத்து. 50 கிலோ எடையுள்ள அம்மையாருக்கு 50 முதல் 60 கிராம். ஓர் இட்டிலியில் கிடைப்பது இரண்டு கிராம் அளவே.

சிறுநீரகத்தில் குறை இல்லை என்று மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகு, காலையில் பாசிப்பருப்பு மிகுந்த வெண்பொங்கலோ பெசரட்டோ, பகலில் கெட்டியான பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும், மாலையில் சுண்டல், இரவில் இட்டிலியோடு பருப்புச் சாம்பாரும் ஒரு குவளைப் பாலும் என்று மாறியது. கோயில் பிரசாதமாகத் தொன்னையில் கிடைக்கும் கொண்டைக்கடலைச் சுண்டல் எவ்வளவு பொருள் பொதிந்த நிவேதனம் என்பது அப்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. உபவாசத்தை விட அம்மையாருக்கு மனம் வரவில்லை. குடும்பப் புரோகிதர்தான் வழி சொன்னார். முதியோருக்கும் பிணியுற்றோருக்கும் விலக்கு உண்டு. அன்னத்தை மட்டும் தவிர்த்துப் பாலும் பழமும் சுண்டலும் நிவேதித்து உண்டால் விரதம் பழுதாகாது என்றார் அவர்.

பங்குனி வந்தபோது அம்மையார் முப்பது விநாடியில் ஆறு முறை எழுந்தார். மகனிடம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். "ஆவணியில் என் பிறந்த மாதம் வருகிறது. அதற்குள் யாரும் தூக்காமல் அறுபது படியும் ஏறி இறங்கினால், இந்த வீட்டில் நான் இருக்கிறேன். இல்லையென்றால் உன்னோடு சென்னைக்கு வந்துவிடுகிறேன். ஒரு சொல் பேச மாட்டேன்." மகன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபோது அவர் மனத்தில் நம்பிக்கை இருந்ததா என்பது வேறு.

சித்திரையில் அந்த நம்பிக்கைக்கும் சோதனை வந்தது. கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே காய்ச்சல் வந்து அம்மையாரை எட்டு நாள் படுக்கையில் தள்ளியது. எழுந்து மீண்டும் நாற்காலியில் அமர்ந்தபோது ஆறு, மூன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு மாத உழைப்பு எட்டு நாளில் கரைந்ததைக் கண்டு அவர் உடைந்துபோனார். "எனக்கு விதித்தது இவ்வளவுதான்" என்றார்.

இயன்முறைப் பெண் தலையணையை எடுத்து மறுபடி நாற்காலியில் வைத்தாள். "முதலில் சுழியத்திலிருந்து வந்தீர்கள், பாட்டி. இப்போது மூன்றிலிருந்து போகப் போகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். ஒருமுறை வலிமை பெற்ற தசை இரண்டாம் முறை விரைவாகத் திரும்பும் என்றும் சொன்னாள். அப்படியே நடந்தது. வைகாசி முடிவில் எட்டு, ஆனியில் பத்து, ஆடியில் பன்னிரண்டு.

இதற்கிடையே மருமகள் ஒரு காரியம் செய்தார். பெரிய காரியம் என்று எண்ணிச் செய்ததல்ல. விடுமுறைக்கு வந்திருந்தபோது கீரைக் கட்டை அம்மையாரிடம் கொடுத்து, "ஆய்ந்து தருகிறீர்களா, அத்தை?" என்று கேட்டார். மறுநாள் பூஜைப் பாத்திரங்கள். அதற்கடுத்த நாள் கொல்லைப்புறத்துச் செம்பருத்திக்குத் தண்ணீர். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தப்பட்டது. வழுக்காத விரிப்பு போடப்பட்டது. வாசற்படியின் பாசி சுரண்டப்பட்டது. முன்பு இடர் வரும் என்று வேலையை எடுத்துவிட்டார்கள். இப்போது வேலையை விட்டுவிட்டு இடரை எடுத்தார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் தொண்டில் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். அவர்களால் முடிந்ததையும் அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வது பணிவிடைபோலத் தோன்றும். பலன் வேறாக இருக்கும்.

முன்னோர் வாழ்வில் இவற்றுக்கெனத் தனியே பயிற்சி தேவைப்படவில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் தோளுக்கு வேலை தந்தன. கிணறு முதுகுக்கு வேலை தந்தது. குந்தி அமர்ந்து கோலமிட்டதும், தரையில் அமர்ந்து உண்டு எழுந்ததும் தொடைக்கு வேலையாயின. பிள்ளையார் முன் தோப்புக்கரணம், அம்மன் முன் பஞ்சாங்க நமஸ்காரம், பிராகார வலம் என்று வழிபாடே உடலை மடக்கியும் நிமிர்த்தியும் வைத்தது. இயந்திரங்கள் வந்ததில் குறை ஒன்றும் இல்லை. அவை எடுத்துக்கொண்ட உழைப்பை வேறு வழியில் உடலுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதே என்பது திருமூலர் திருமந்திரத்தில் காட்டும் நெறி. திருநாவுக்கரசர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. முதுமையிலும் கையில் உழவாரப்படையோடு கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கியவர் அவர். பாட்டுக்கு அரசரான அவர் கைத்தொண்டைக் கடைசி வரை விடவில்லை. கயிலைக்கு நடந்து சென்று, கால் தேய்ந்தபோது கையாலும், கை தேய்ந்தபோது மார்பாலும் முன்னேறினார் என்று பெரியபுராணம் பாடுகிறது. அத்தகைய வைராக்கியம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் நாற்காலியிலிருந்து ஒரு முறை கூடுதலாக எழுவதற்கு வேண்டிய வைராக்கியம் எவர்க்கும் எட்டக்கூடியதுதான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைத் தவிர்த்து, ஆவணியில் ஒரு சாதாரண நாள், வெயில் ஏறுமுன், குடும்பம் சுவாமிமலைக்குச் சென்றது. அம்மையாருக்கு 76 நிறைந்திருந்தது. மகன் கையைப் பிடிக்க வந்தார். "நீ எனக்கு ஒரு படி கீழே வா, அது போதும்" என்றார் அம்மையார். ஏறுபவருக்குத் துணை நிற்பவர் கீழ்ப்படியில் நிற்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

கைப்பிடியைப் பற்றி, வலக்காலை முதற்படியில் வைத்தார். பிரபவ. அவசரம் இல்லை. ஒவ்வொரு படியிலும் இரு காலும் நின்ற பிறகே அடுத்த படி. பத்தாவது தாதுவில் ஒருமுறை நின்றார். இருபத்தொன்றாவது சர்வசித்து, 1947-இல் அவர் பிறந்த ஆண்டு. அங்கே ஓரமாக நின்று மூச்சு வாங்கினார். முப்பத்தேழாவது, அன்று நடந்துகொண்டிருந்த சோபகிருது ஆண்டு. "இது வரை வந்தாயிற்று" என்றார். நாற்பத்தொன்று பிலவங்க, கையில் மஞ்சள் கயிற்றின் ஈரம் காயாமல் அவர் முதன்முதலாக இந்தப் படிகளை ஏறிய ஆண்டு. அங்கே தொடைகள் நடுங்கின. யாரும் பேசவில்லை. இரண்டு நிமிடம் நின்றார், நடுக்கம் அடங்கியது, மறுபடி ஏறினார்.

நாற்பத்து நான்காம் படியில் திரும்பி மகனைப் பார்த்தார். "சாதாரண ஆண்டு. இது உன் படி" என்றார். 1970-இல் பிறந்த அந்தப் பிள்ளை அவருடைய இடுப்பில் அமர்ந்து இதே படிகளை ஏறியவர்தான். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. குனிந்து அந்தப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அறுபதாவது அட்சய. படிகள் ஏறி முடிந்ததும் நேத்திர விநாயகர் சந்நிதி. அம்மையார் அங்கே நின்று தலையில் குட்டிக்கொண்டு, தூணைப் பிடித்தபடி மூன்று தோப்புக்கரணம் போட்டார். பேரன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் போட்டான். உள்ளே கையில் தண்டம் ஏந்தி, இடையில் கை வைத்து நின்றிருந்தான் சுவாமிநாதன். தீபாராதனை நடந்தபோது எல்லோரும் கண்மூடி வேண்டிக்கொண்டார்கள். தையில் கேட்ட கேள்வி அம்மையாருக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்பதற்கு வேறெதுவும் தோன்றவும் இல்லை. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

இறங்குவதுதான் கடினம் என்பது பலர்க்குத் தெரிவதில்லை. உடலின் எடையைத் தொடை தாங்கிப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். தடுமாறுவோரும் அப்போதுதான் அதிகம். இறங்கும்போது மகன் முன்னால் நடந்தார். அம்மையார் கைப்பிடியை விடாமல், அட்சய முதல் பிரபவ வரை ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே இறங்கினார். ஏற 25 நிமிடம். இறங்க 20 நிமிடம். கீழே சுவரோரம் அதே பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் வேறொரு பெரியவர் பைகளோடு அமர்ந்திருந்தார். அம்மையார் அவரைக் கைகூப்பிவிட்டு நகர்ந்தார்.

அந்தக் கும்பிடுக்குப் பொருள் உண்டு. மூட்டு தேய்ந்தோரும், பக்கவாதத்தால் தளர்ந்தோரும், படி ஏறவே இயலாதோரும் இருக்கிறார்கள். ஏறுவது புண்ணியமுமன்று, ஏற இயலாமை பாவமுமன்று. கீழிருந்து கூப்பிய கைகளும் மேலே உள்ளவனுக்குத் தெரியும். ஆனால் முயன்றால் முடியக்கூடியதை, வயதாகிவிட்டது என்னும் ஒரே காரணத்துக்காகக் கைவிட வேண்டியதில்லை. ஒருவருக்கு இலக்கு அறுபது படி. இன்னொருவருக்குக் கட்டிலிலிருந்து குளியலறை வரை. இரண்டுக்கும் தொடக்கம் அதே நாற்காலிதான்.

அன்று மாலை அம்மையார் இயன்முறைப் பெண்ணுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். அவள் மகிழ்ந்தாள், பிறகு முதல் கேள்வியாக, "இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டீர்களா, பாட்டி?" என்று கேட்டாள். இரண்டாவதாக, "நாளை பயிற்சி நாள், நினைவிருக்கிறதல்லவா?" என்றாள்.

மகன் மறுநாள் சென்னைக்குத் தனியாகப் புறப்பட்டார். விடியற்காலையில் பெட்டியோடு வாசலுக்கு வந்தவர் ஒரு கணம் நின்றார். பாசி நீங்கிக் காய்ந்திருந்த வாசலில், அருகில் ஒரு முக்காலியைப் பிடிமானத்துக்கு வைத்துக்கொண்டு, அம்மையார் குனிந்து கோலமிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. முன்பு போடும் கோலத்தில் பாதி அளவுதான். முடித்ததும் முக்காலியில் கையூன்றி நிமிர்ந்தார். "கோலத்தை மிதிக்காமல் போய் வா" என்றார்.